சூடு தண்ணீர் டேங்க் மக்கர் செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

கோலாலம்பூர் வீடுகளில் சூடு தண்ணீருக்கு இரண்டு வகை ஹீட்டர் உண்டு. ஒன்று குளியலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாகத் தொங்குவது. குழாயைத் திறந்தால்தான் அது சூடேறும். இன்னொன்று சிலிங்குக்கு மேலேயோ பின்கட்டுச் சுவரிலோ படுத்துக் கிடக்கும் உருளை டேங்க். 25, 50 லிட்டர் என்று தண்ணீரைச் சூடாக்கிச் சேமித்து வைக்கும். இங்கே எழுதப்போவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி மட்டும். தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை இதில் தனியாகக் கழற்றி மாற்றலாம்.

எனக்கு வரும் போன் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: "அண்ணே, தெர்மோஸ்டாட் போச்சு, புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டிடுங்க." போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் தெர்மோஸ்டாட் நன்றாகவே இருக்கும். லூசான டெர்மினல், தண்ணீர் இறங்கிய எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி), இருக்க வேண்டிய குழியை (பாக்கெட்) விட்டு நழுவிய சென்சார், இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் புது தெர்மோஸ்டாட்டை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும். எனவே அறிகுறியிலிருந்து ஆரம்பிப்போம்.

மூடிக்குள் என்ன இருக்கிறது

டேங்கின் ஒரு முனையில் பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதற்குள் ஒரு வட்டத் தட்டு, அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எலிமென்ட் முனைகள் இரண்டு, நடுவில் தெர்மோஸ்டாட். வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது ஒரு வேலை. எல்லை மீறிச் சூடேறினால் கரன்ட்டையே அறுத்துவிடுவது இன்னொரு வேலை. இதை கட்-அவுட் என்பார்கள். கட்-அவுட் அறுந்தால் சின்னச் சிவப்புப் பொத்தான் ஒன்று வெளியே துருத்திக்கொள்ளும். கையால் அழுத்தினால்தான் திரும்ப உள்ளே போகும், தானாகப் போகாது.

இரண்டு அமைப்புகளைப் பார்க்கலாம். ஒன்றில் நீளமான தண்டுடன் கூடிய தெர்மோஸ்டாட் தட்டிலுள்ள குழாய்க்குள் நேராக இறங்கி உட்காரும். தண்டின் வெளிக்குழாய் பித்தளை, உள்ளே இன்வார் என்ற உலோகக் கம்பி. சூடேறினால் பித்தளை நீளும், இன்வார் ஏறக்குறைய நீளாது. அந்த வித்தியாசம்தான் மேலே உள்ள கான்டக்ட்டைத் திறக்கிறது. கட்-அவுட்டும் அதே உடம்பில் இருக்கும். லைனும் நியூட்ரலும் மேலே நுழையும், அடியில் உள்ள இரண்டு நாக்குகள் எலிமென்ட்டில் சொருகும். வேலை சுலபம், தப்பு நடக்க இடம் குறைவு.

மற்றதில் கட்-அவுட் தனி, தெர்மோஸ்டாட் தனி. இரண்டிலிருந்தும் மெல்லிய செப்புக் குழாய் ஒன்று போய், அதன் நுனியிலுள்ள குமிழ் (இதுதான் சென்சார்) தட்டின் பாக்கெட்டுக்குள் இறங்கும். வயரிங் இப்படிப் போக வேண்டும்: சுவிட்சிலிருந்து லைனும் நியூட்ரலும் முதலில் கட்-அவுட்டுக்கு. கட்-அவுட்டை விட்டு வெளியே வரும் லைன் தெர்மோஸ்டாட்டுக்கு, அங்கிருந்து எலிமென்ட்டின் ஒரு முனைக்கு. கட்-அவுட்டை விட்டு வெளியே வரும் நியூட்ரல் நேராக எலிமென்ட்டின் மறுமுனைக்கு. சூடேறுவதைக் காட்டும் விளக்கு இருந்தால் எலிமென்ட்டின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே. எர்த் டேங்கின் உடம்பில் உள்ள போல்ட்டுக்கு. தெர்மோஸ்டாட்டில் மூன்று டெர்மினல் இருந்தால் அதில் குத்தியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். குளிர்ந்த நிலையில் எந்த இரண்டுக்கும் இடையே மீட்டர் பீப் அடிக்கிறதோ அவைதான் நமக்கு வேண்டியவை.

வயர் நிறத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊர்ப் பழைய வயரிங்கில் லைன் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. மூன்று ஃபேஸ் வந்திருக்கும் வீட்டில் ஃபேஸ்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். ஆனால் ஹீட்டரோடு வரும் வளையும் வயரில் பழுப்புதான் லைன், நீலம் நியூட்ரல். அதாவது சுவரிலிருந்து வரும் நீலம் உயிரோடிருக்கும் லைனாக இருக்கலாம், ஹீட்டரிலிருந்து வரும் நீலம் நியூட்ரலாக இருக்கும். நீலத்துக்கு நீலம் என்று கண்ணை மூடி முறுக்கியவர்களின் வேலையை நான் பார்த்திருக்கிறேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை மட்டும் பார்த்து இணைக்கக் கூடாது.

தொடுவதற்கு முன்

நம் நாட்டில் நிலையான வயரிங் வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும் என்பது சட்டம். 1990ஆம் ஆண்டு மின்விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் அதைச் சொல்கின்றன. கீழே சொல்வதில் பார்ப்பது, முகர்வது, கரன்ட் அறுத்தபின் மீட்டர் வைப்பது ஆகியவற்றை மீட்டர் பிடிக்கத் தெரிந்த வீட்டுக்காரர் செய்யலாம். வயரைக் கழற்றி மாட்டுவதை வயர்மேனிடம் விடுங்கள், கீழே வயரைக் கழற்றச் சொல்லும் சோதனைகளும் அவருக்குத்தான். அவரிடம் "தண்ணி சுடலை" என்று சொல்வதற்குப் பதிலாக "சிவப்புப் பொத்தான் வெளியே வந்திருக்கு, ஒரு டெர்மினல் கருகியிருக்கு" என்று சொன்னால் அவருக்கு நேரம் மிச்சம், உங்களுக்குக் காசு மிச்சம்.

மூடியைக் கழற்றுவதற்கு முன் சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. டிபி போர்டில் (வீட்டுக்குக் கரன்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஹீட்டருக்கான எம்சிபியை (கரன்ட் மீறினால் தானாக இறங்கும் சுவிட்ச்) இறக்கி, அதன்மேல் டேப் ஒட்டி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். பிறகு மல்டிமீட்டரை முதலில் வேலை செய்யும் ஒரு பிளக் பாயின்டில் வைத்து 230 வோல்ட் காட்டுகிறதா என்று பாருங்கள். அதன்பின் ஹீட்டர் டெர்மினலில் லைனுக்கும் நியூட்ரலுக்கும், லைனுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வைத்துப் பாருங்கள். மூன்றிலும் எதுவும் காட்டக் கூடாது. திரும்பவும் பிளக் பாயின்டில் வைத்து மீட்டர் சாகவில்லை என்று உறுதி செய்யுங்கள். சட்டைப் பையில் செருகி வைக்கும் டெஸ்ட் பென்னை இந்த வேலைக்கு நான் நம்புவதில்லை. செத்த வயரிலும் பக்கத்து வயரின் தயவில் அது மினுக்கும். ரப்பர் செருப்புப் போட்டு ஏணியில் நிற்கும்போது உயிருள்ள வயரிலும் மங்கிப் போகும்.

தண்ணீர் சுடவே இல்லை, ஆனால் சுவிட்ச் விளக்கு எரிகிறது

சுவிட்ச் விளக்கு எரிகிறது என்றால் சுவிட்ச் வரை கரன்ட் வருகிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கரன்ட்டை அறுத்துவிட்டு மூடியைத் திறங்கள்.

முதலில் சிவப்புப் பொத்தான். வெளியே வந்திருந்தால் அழுத்துங்கள். க்ளிக் என்று உட்காரும். உட்காராமல் துள்ளினால் தண்ணீர் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம், ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். உட்கார்ந்து தண்ணீரும் சுட ஆரம்பித்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பொத்தான் சும்மா வெளியே வராது. கீழே அதற்கென்று தனித் தலைப்பில் எழுதியிருக்கிறேன்.

பொத்தான் உள்ளேயே இருந்தால் கண்ணால் பாருங்கள். டெர்மினலில் பழுப்பு நிறம் ஏறியிருக்கிறதா, வயரின் தோல் சுருங்கி விறைத்திருக்கிறதா, சொருகும் நாக்கு தளர்ந்து ஆடுகிறதா. 2,400 வாட் எலிமென்ட் 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், 3,000 வாட் 13 ஆம்பியர். இந்த அளவு கரன்ட் லூசான ஸ்க்ரூ வழியாகப் போனால் அந்த இடமே குட்டி எலிமென்ட்டாகச் சூடேறும். சூடேற ஏற இன்னும் தளரும். கடைசியில் கருகி அறுந்துவிடும். என் அனுபவத்தில் "தெர்மோஸ்டாட் போச்சு" என்ற புகாருக்கு முதல் காரணம் இதுதான். கருகிய முனையை வெட்டியெறிந்து, பளபளக்கும் செப்பு தெரியும்வரை தோலுரித்து, புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கவ்வி) போட்டு அழுத்தமாக நசுக்கிக் கிரிம்ப் செய்ய வேண்டும். மூடிக்குள்ளே ஓடும் துண்டு வயர்களுக்குச் சாதாரண பிவிசி வயர் வேண்டாம். அதன் தோல் தாங்குவது 70 டிகிரிதான். சூடு தாங்கும் சிலிக்கான் வயர் போடுங்கள்.

கருகல் இல்லை என்றால் மீட்டரை ஓமுக்கு மாற்றி எலிமென்ட்டைப் பாருங்கள். குறைந்தது ஒரு பக்க வயரையாவது கழற்றிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். எத்தனை ஓம் வர வேண்டும் என்பது மனக்கணக்கு: வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுக்க வேண்டும். 230 வோல்ட்டுக்கு 1,500 வாட் எலிமென்ட் 35 ஓம், 2,000 வாட் 26, 2,400 வாட் 22, 3,000 வாட் ஏறக்குறைய 18. 2008க்கு முன் நம் நாட்டில் பெயரளவு மின்னழுத்தம் 240 வோல்ட். பழைய ஹீட்டர் லேபிளில் 240 போட்டிருந்தால் 2,400 வாட்டுக்கு 24 ஓம் வரும், அதுவும் சரிதான். மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால் எலிமென்ட் அறுந்துவிட்டது. தண்ணீர் நிரம்பாத டேங்கில் சுவிட்சைப் போட்டால் சில நிமிடத்தில் இப்படி ஆகும். பிளம்பர் டேங்கை வடித்து வேலை பார்த்துவிட்டுப் போன மறுநாள் இந்த அழைப்பு வருவது வழக்கம். டேங்கை வடித்தால், சூடு தண்ணீர்க் குழாயைத் திறந்து காற்று சீறாமல் தண்ணீர் ஒரே சீராக வரும்வரை சுவிட்ச் பக்கமே போகாதீர்கள்.

எலிமென்ட் நன்றாக இருந்தால் இப்போதுதான் தெர்மோஸ்டாட்டின் முறை. தண்டு வகை என்றால் உருவி எடுத்துவிடலாம். அது இறங்கியிருக்கும் குழாய் மூடிய குழாய், தண்ணீர் வராது. டயலை நடுவில் வைத்து, லைன் நுழையும் டெர்மினலுக்கும் எலிமென்ட்டில் சொருகும் நாக்குக்கும் இடையே மீட்டர் வையுங்கள். நம் ஊர் அறைச் சூட்டில் அது பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். இனி உயரமான டம்ளர் ஒன்றில் கொதித்த தண்ணீரை ஊற்றித் தண்டை மட்டும் அதில் நிறுத்துங்கள், தலை நனையக் கூடாது. சிறிது நேரத்தில் விரலில் உணரும்படி ஒரு டிக் கேட்கும், மீட்டர் தொடர்பு அறுந்ததைக் காட்டும். வெளியே எடுத்து ஆறவிட்டால் மறுபடி டிக், மறுபடி பூஜ்யம் (கொதிநீரில் சிவப்புப் பொத்தானும் வெளியே வந்திருந்தால் அதை முதலில் அழுத்திவிடுங்கள்). இந்த இரண்டு டிக்கும் தெளிவாகக் கேட்டு, மூடியிருக்கும்போது ஓம் ஏறி இறங்காமல் நின்றால் தெர்மோஸ்டாட்டில் குறையில்லை. குளிர்ந்த நிலையிலேயே அறுந்திருக்கிறது, அல்லது ஓம் முள் ஆடுகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான்.

சுவிட்ச் விளக்கே எரியவில்லை

எம்சிபி இறங்கியிருக்கிறதா, ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானாக இறங்கும் சுவிட்ச்) இறங்கியிருக்கிறதா என்று டிபி போர்டைப் பாருங்கள். எம்சிபி இறங்கியிருந்தால் ஷார்ட் அல்லது அளவுக்கு மீறிய கரன்ட், ஆர்சிசிபி இறங்கியிருந்தால் எர்த்துக்குக் கசிவு. இரண்டும் ஏறியேதான் இருக்கிறது என்றால் சுவிட்ச்சைச் சந்தேகியுங்கள். விளக்கு பழுதாகி ஹீட்டர் ஒழுங்காக ஓடுவதும் உண்டு, அதற்காக ஆளைக் கூப்பிடாதீர்கள்.

சிவப்புப் பொத்தான் திரும்பத் திரும்ப வெளியே வருகிறது, அல்லது தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது

இவை இரண்டும் ஒரே நோய். தெர்மோஸ்டாட் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை, அதனால் கட்-அவுட் குறுக்கே விழுந்து காப்பாற்றியிருக்கிறது. பொத்தானை அழுத்தி அழுத்தி ஓட்டுவது காவல்காரனை எழுப்பி எழுப்பித் தூங்க வைப்பது போன்றது. ஒரு நாள் கட்-அவுட்டும் ஒட்டிக்கொண்டால் மிச்சம் இருப்பது அழுத்தம் மீறினால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு ஒன்றுதான். அதிலிருந்து சூடாகச் சொட்டுகிறது, ஆவி வருகிறது என்றால் அன்றைக்கே ஹீட்டரை அணைத்துவிடுங்கள். சொட்டுகிறதே என்று அந்த வால்வின் வாயை அடைக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்த டேங்கின் பக்கத்தில் நிற்கவே கூடாது.

குமிழ் வகை என்றால் முதல் பார்வை பாக்கெட்டில். குமிழ் அடிவரை இறங்கியிருக்க வேண்டும். யாராவது வேலை பார்த்தபோது நழுவி வெளியே தொங்கினால் அது தண்ணீரை விட்டு மூடிக்குள் இருக்கும் காற்றின் சூட்டைத்தான் அளக்கும். தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டியும் அதற்குத் தெரியாது. குமிழைத் தள்ளி, கிளிப்பைப் போட்டுவிட்டால் போதும், செலவே இல்லை. மெல்லிய குழாய் எங்காவது மடங்கி உடைந்திருந்தால் உள்ளே உள்ள திரவம் போயிருக்கும். அதை ஒட்ட முடியாது.

குமிழ் சரியாக இருந்தால் கான்டக்ட் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மேலே சொன்ன டம்ளர் சோதனையில் கொதிநீரிலும் மீட்டர் அறுந்துபோகவில்லை என்றால் அதுதான். இது நேர்ந்தால் தெர்மோஸ்டாட்டோடு கட்-அவுட்டையும் சேர்த்து மாற்றச் சொல்வேன், அது தன் ஆயுளில் பட வேண்டிய அடியைப் பட்டுவிட்டது.

மூன்றாவது காரணம் வயரிங். எலிமென்ட்டுக்குப் போகும் லைனை தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் எடுக்காமல் முன்னால் எடுத்திருப்பார்கள். தெர்மோஸ்டாட் டிக் டிக் என்று தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும், எலிமென்ட் அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். புது தெர்மோஸ்டாட் மாட்டிய வாரத்திலேயே இந்தப் பிரச்சினை வந்தால் நேரே இங்கே பாருங்கள்.

டயலை எங்கே வைப்பது என்று கேட்பார்கள். 60 டிகிரி. அதற்குக் கீழே மந்தமாக வைத்தால் லெஜியோனெல்லா போன்ற கிருமிகள் டேங்கிலேயே குடும்பம் நடத்தும். 20 முதல் 45 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். ஆனால் 60 டிகிரித் தண்ணீர் தோலில் நேராக விழுந்தால் ஐந்து வினாடியில் வெந்துவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில் டேங்கை 60இல் வைத்து, வெளியே வரும் இடத்தில் கலவை வால்வு ஒன்றைப் போடுவதுதான் வழி.

சுவிட்சைப் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது

நம் விதிமுறைப்படி தரை நனையக்கூடிய இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் உணர்திறன் கொண்ட ஆர்சிசிபி வேண்டும். பழக்கத்தில் இன்னும் இஎல்சிபி என்றே சொல்கிறோம். 10 மில்லி ஆம்பியர் என்பது மிகச் சின்னக் கசிவு. 230 வோல்ட்டில் எலிமென்ட்டுக்கும் எர்த்துக்கும் இடையே 23,000 ஓமுக்குக் குறைந்தால் அது கட்டாயம் விழும். நடைமுறையில் அதற்குப் பாதிக் கசிவிலேயே விழக்கூடும். ஆகவே "இஎல்சிபி ரொம்ப சென்சிட்டிவா இருக்கு, பெருசா மாத்திடுங்க" என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மாட்டேன். அது விழுவது தன் வேலையைச் செய்வதால்.

சுவர் சுவிட்ச் இரண்டு துருவச் சுவிட்ச் என்றால் அணைத்ததும் லைன், நியூட்ரல் இரண்டும் அறுந்துவிடும். சுவிட்ச்சை அணைத்துவிட்டு ஆர்சிசிபியை ஏற்றுங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு ஹீட்டரில் இல்லை, சுவிட்ச் வரை வரும் வயரிலோ அதே ஆர்சிசிபியில் இருக்கும் வேறு சர்க்யூட்டிலோ இருக்கிறது. நின்று, சுவிட்சைப் போட்டதும் விழுந்தால் ஹீட்டர் பக்கம். இப்போது கரன்ட்டை முழுக்க அறுத்து, எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றி முனைகளைத் தனித்தனியாக மூடிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். விழவில்லை என்றால் எலிமென்ட்தான்.

எலிமென்ட்டின் உள்கம்பிக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தாலோ முனையின் சீல் போனாலோ ஈரம் உள்ளே போய்விடும். மீட்டரின் ஒரு முனையை எலிமென்ட் முனையிலும் மறுமுனையை டேங்க் உடம்பிலும் வைத்தால் மெகா ஓம் கணக்கில் காட்ட வேண்டும், அல்லது எதுவுமே காட்டக் கூடாது. ஆயிரங்களில் காட்டினால் எலிமென்ட் முடிந்தது. எதுவும் காட்டவில்லை என்றாலும் அது நல்லது என்று முடிவு கட்ட முடியாது. மல்டிமீட்டர் சின்ன பேட்டரியின் வோல்ட்டில்தான் சோதிக்கிறது, 230 வோல்ட்டில் திறக்கும் விரிசல் அதற்குத் தெரியாது. வயர்மேன் 500 வோல்ட் மெகர் (உயர் வோல்ட்டில் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) கொண்டு வந்து 1 மெகா ஓமுக்கு மேல் நிற்கிறதா என்று பார்ப்பார்.

போட்டவுடன் விழாமல் சில நிமிடம் கழித்து விழுகிறதா? எலிமென்ட் சூடேறி விரியும்போது விரிசல் திறக்கிறது, பெரும்பாலும் அவ்வளவுதான். பல மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் முதல் நாள் மட்டும் விழுந்தால் முனைச் சீல் வழியே ஈரம் ஏறியிருக்கலாம். எலிமென்ட்டைக் கழற்றி ஓவனில் மெதுவாகக் காய வைத்துத் திருப்பிப் போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எலிமென்ட் விலையைப் பார்த்தால் புதுசு போடுவதுதான் நிம்மதி.

தெர்மோஸ்டாட் அறுந்திருக்கும் நேரத்திலும் விழுகிறது என்றால் லைனும் நியூட்ரலும் எங்கோ மாறியிருக்கலாம். ஒரு துருவத் தெர்மோஸ்டாட் லைனை அறுக்க வேண்டும். மாற்றி மாட்டியிருந்தால் நியூட்ரலை அறுத்துவிட்டு எலிமென்ட் முழுவதையும் உயிரோடு விட்டுவிடும். தண்ணீர் சுடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. விரிசல் விழும் நாளில்தான் வெளியே தெரியும்.

வீட்டில் ரினோவேஷன் முடிந்தபின், ஹீட்டர் மட்டும் ஓடினால் ஒன்றுமில்லை, சமையலறை விளக்கைப் போட்டதும் ஹீட்டரின் ஆர்சிசிபி விழுகிறது என்ற விசித்திரப் புகார் வரும். வேறு சர்க்யூட்டின் நியூட்ரலை இந்த ஆர்சிசிபிக்குப் பின்னால் இரவல் வாங்கியிருப்பார்கள். போகும் கரன்ட்டும் வரும் கரன்ட்டும் சமமில்லை என்றால் அது விழத்தான் செய்யும். ஹீட்டரை உருட்டிப் பயனில்லை, போர்டைத் திறக்க வேண்டும்.

இடி இடிக்கும்போது மட்டும் விழுகிறதா? கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. எப்போதாவது விழுந்து, ஏற்றியதும் நின்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு மழைக்கும் விழுகிறது என்றால் கொஞ்சம் கசிவு ஏற்கெனவே இருக்கிறது, இடி அதை எல்லை தாண்ட வைக்கிறது. எலிமென்ட்டை மெகர் வைத்துப் பாருங்கள்.

அப்புறம் பல்லி. மூடிக்குள் வெதுவெதுப்பாக இருப்பதால் பல்லிக்கும் எறும்புக்கும் அது நல்ல வீடு. இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் போடவில்லை. எம்சிபி இறங்கும், பல்லி கருகும். வயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் போட்டால் போதும்.

குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது

இதற்குச் சோதனை எதுவும் கிடையாது. ஈரக் கையோடு எதையும் தொடாமல் வெளியே வாருங்கள், டிபி போர்டில் மெயினை இறக்குங்கள், வயர்மேனைக் கூப்பிடுங்கள். வந்து பார்த்துச் சரிசெய்யும்வரை அந்தக் குளியலறையை யாரும் பயன்படுத்த வேண்டாம். கசிவும் இருந்து, எர்த்தும் அறுந்து, ஆர்சிசிபியும் விழாமல் இருந்தால்தான் இப்படி நடக்கும். மூன்று பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போயிருக்கிறது. ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்த நிலைக்கு வராது.

சூடு வருகிறது, போதவில்லை

முதலில் கணக்குப் போடுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்தால் 50 லிட்டரை 60க்கு ஏற்ற 2,400 வாட் எலிமென்ட்டுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒருவர் குளித்து முடித்த பத்தாவது நிமிடத்தில் அடுத்தவர் போனால் டேங்க் என்ன செய்யும்? அதையும் தாண்டி நேரம் எடுத்தால் எலிமென்ட் ஓமைப் பாருங்கள். 22 இருக்க வேண்டிய இடத்தில் 35 காட்டினால் யாரோ சின்ன எலிமென்ட்டை மாட்டியிருக்கிறார்கள்.

கரன்ட்டுக்குச் சம்பந்தமே இல்லாத காரணம் ஒன்று உண்டு, வயர்மேன்கள் தலையைச் சொறியும் இடம். கலவைக் குழாயைத் திறந்தபடி விட்டு, கையில் பிடிக்கும் ஷவரின் விசையால் மட்டும் தண்ணீரை நிறுத்தியிருப்பார்கள். குளிர் தண்ணீரும் சூடு தண்ணீரும் குழாய்க்குள்ளேயே சந்தித்து, அழுத்தம் அதிகமுள்ள குளிர் தண்ணீர் சூடு தண்ணீர் லைனுக்குள் பின்னோக்கிப் போகும். மற்ற குளியலறையில் வெதுவெதுப்பாகத்தான் வரும். எல்லாக் கலவைக் குழாய்களையும் முழுக்க மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து பாருங்கள். நன்றாகச் சுட்டால் தெர்மோஸ்டாட்டைத் தொட வேண்டாம்.

சுவிட்ச் சுடுகிறது, வாடை அடிக்கிறது

3,000 வாட் டேங்க்கைச் சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் போட்டு ஓட்டும் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பிளக் எப்போதும் எல்லையிலேயே ஓடுகிறது, பழுப்பேறி உருகுவது நிச்சயம். தனி எம்சிபி, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர், 20 ஆம்பியர் இரண்டு துருவச் சுவிட்ச் என்று தனி லைன் இழுப்பதுதான் தீர்வு. சரியான சுவிட்ச் இருந்தும் சுட்டால் பின்னால் உள்ள ஸ்க்ரூ லூஸ். கருகிய சுவிட்சை இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு விளக்கு அணையவே இல்லை

தண்ணீர் சுட்டு முடிந்தும் டேங்கில் உள்ள விளக்கு எரிந்துகொண்டே இருந்தால், கொதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். கொதிக்கவில்லை என்றால் விளக்கின் வயரை தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால் இணைத்துவிட்டார்கள். ஆபத்தில்லை, ஆனால் எலிமென்ட் ஓடுகிறதா என்று உங்களுக்கு இனி தெரியாது. அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.

கூரை மேல் சோலார் டேங்க் வைத்திருப்பவர்களுக்கு இதே கேள்வி வேறு விதமாக வரும்: நல்ல வெயில், ஆனாலும் தெனாகா மின்சார பில் ஏறுகிறது. வெயில் போதாதபோது சுட வைக்கும் எலிமென்ட்டின் (பூஸ்டர்) சுவிட்ச் இரவும் பகலும் போட்டபடி இருக்கும். காலையில் தண்ணீர் செலவானதும் வெயில் ஏறுவதற்குள் பூஸ்டர் முந்திக்கொண்டு சுட வைத்துவிடும். அதில் தெர்மோஸ்டாட்டின் தவறு எதுவும் இல்லை. டைமர் ஒன்றைப் போட்டு, தேவைப்பட்டால் மட்டும் மாலையில் ஓட விடுங்கள்.

புதுசு வாங்கும்போது

பழைய தெர்மோஸ்டாட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கோலாலம்பூரில் ஜாலான் பாசார் பக்கம் உள்ள பாகங்கள் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். ஒப்பிட வேண்டியவை: தண்டின் நீளம், அடியில் சொருகும் நாக்குகளின் இடைவெளி, எத்தனை ஆம்பியர், கட்-அவுட் சேர்ந்ததா, அது ஒரு துருவமா இரண்டு துருவமா. தண்டு நீளம் குறைந்தால் டேங்கின் வேறு இடத்துச் சூட்டை அளக்கும், கூடினால் முழுதாக உட்காராது. 3,000 வாட் டேங்குக்கு 20 ஆம்பியருக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். கட்-அவுட் இல்லாத மலிவு தெர்மோஸ்டாட்டைக் காட்டி "இதுவும் ஓடும்" என்பார்கள். ஓடும்தான், வாங்காதீர்கள். மாட்டி முடித்த முதல் நாள் இரவு சுவிட்சைப் போட்டபடி தூங்கப் போகாமல், பக்கத்தில் இருந்து ஒருமுறை சூடேறி டிக் என்று அறுவதைக் காதால் கேளுங்கள். பிறகு கரன்ட்டை அறுத்து, மூடியைத் திறந்து டெர்மினல் ஸ்க்ரூக்களை இன்னொரு முறை இறுக்குங்கள். முதல் சூட்டில் அவை கொஞ்சம் தளரும்.